குனிந்து பார்த்தவை

அக்டோபர் 7, செவ்வாய், பெர்லின்

அண்ணன் கூப்பிடவில்லை.

பேபெல் சதுக்கத்தில் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். எதையோ தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கிட்டே போனால், தரையோடு தரையாக ஒரு கண்ணாடி. கீழே வெள்ளை அலமாரிகள். ஒரு புத்தகம்கூடக் கிடையாது. 1933 மே 10 இரவு நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்திய இடம் இது. இந்த அலமாரிகள் சிற்பி மிஹா உல்மான் 1995-இல் அமைத்தது. 20,000 புத்தகங்கள் கொள்ளுமாம். பகல் வெளிச்சத்தில் வானமும் என் மூக்கும்தான் தெரிந்தன. மண்டியிட்டு, கைகளைக் குவித்துக் கண்ணாடியில் வைத்த பிறகே அலமாரி தெரிந்தது. பக்கத்துச் சாலை நடுவே இரண்டாம் ஃப்ரெடரிக் மன்னர் அத்தனை உயரத்தில் குதிரைமேல் இருக்கிறார். ஒருவரும் அண்ணாந்து பார்க்கக் காணோம்.

அக்டோபர் 8, புதன்

இரவில் மறுபடி போனேன். உள்ளே விளக்கு எரிகிறது. காலியாக இருப்பது இவ்வளவு பளிச்சென்று தெரியக் கூடாது.

அக்டோபர் 9, வியாழன்

நடைபாதையில் பித்தளைத் தகடு பதித்த கற்கள், பத்து சென்டிமீட்டர் சதுரம். பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் எங்கே கொண்டுபோனார்கள், என்ன ஆனார்கள். அந்த மனிதர்கள் வாழ்ந்த வீட்டு வாசலிலேயே பதித்திருக்கிறார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது, ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வாசலில் நான்கு கற்கள். கடைசிக் கல்லில் இருந்த பெண்ணின் வயதைக் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

போனை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. போனில் கோளாறு இல்லை.

அக்டோபர் 11, சனி, வ்ரோத்ஸ்வாஃப்

இந்த ஊரில் எல்லோரும் கையில் வரைபடத்தோடு வெண்கலக் குள்ளர்களைத் தேடுகிறார்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பட்டியல் வைத்துக்கொண்டு தேடினால் அது வருகைப்பதிவு எடுப்பது மாதிரிதான். ஆனாலும் ஒரு ஜோடியிடம் மாட்டிக்கொண்டேன்: ஒரே கல் உருண்டையை இரண்டு குள்ளர்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளுகிறார்கள். இருவருமே முழு மூச்சாக. உருண்டை அங்கேயே. அண்ணன் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறான், அக்கா இந்த வயதில் வேண்டவே வேண்டாம் என்கிறாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்?

அந்தக் குள்ளர்கள் இருக்கும் ஸ்விட்னிட்ஸ்கா தெருவிலேயே தள்ளிப் போனால் நாற்சந்தியில் யெஜி கலீனாவின் சிற்பம். 14 வெண்கல மனிதர்கள். சாலையின் ஒரு பக்கம் நடைபாதைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறார்கள், எதிர்ப்பக்கம் மேலே வருகிறார்கள். 1981 டிசம்பர் 13-இல் போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. அதன் நினைவாக 2005-இல் அதே தேதியில் வைத்தார்கள். பச்சை விளக்குக்குக் காத்திருந்த கூட்டத்தில் எது வெண்கலம், எது ஆள் என்று ஒரு கணம் குழம்பியது. நடுவில் இருக்கும் சாலையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அதன் அடியில் இருக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். "அப்புறம் பேசறேன்"னு வைத்துவிட்டாள் அக்கா.

அக்டோபர் 13, திங்கள், ப்ராக்

ஹூசோவா தெருவில் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தேன். கூரையிலிருந்து நீளும் கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் உளப்பகுப்பாய்வு ஃப்ராய்டு. சிற்பி டேவிட் செர்னியின் வேலை. தொங்குவதுகூடப் பரவாயில்லை, இன்னொரு கை பாக்கெட்டில்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு கையாலும் பிடியுங்கள் ஐயா.

அக்டோபர் 14

டிக்கெட் மாற்றியாயிற்று, இன்று ராத்திரியே. ஜிஷ்கோவ் டி.வி. கோபுரத்தில் தவழ்ந்து ஏறும் பத்துக் குழந்தைகளும் செர்னி செய்தவைதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளவாம். ஏர்போர்ட் அதற்கு நேர் எதிர்த் திசை. டாக்ஸி வந்துவிட்டது