‘அன்பு’ ஏன் ‘அப்பா’வுக்கு முன்னால்?

எங்கள் ஊர் நூலகம் ஒன்றுக்குப் புத்தகத் தலைப்புகளைத் தேடித் தரும் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே நூலகர் அம்மா கூப்பிட்டார். “தம்பி, ‘அன்பு’ எப்படி ‘அப்பா’வுக்கு முன்னால வருது? ன கடைசி எழுத்தாச்சே?”

அட்டைப் பெட்டிகளில் விரலை ஓட்டியே பழகியவர் அவர். தரவுத்தளத்தை வரிசைப்படுத்தச் சொல்லும் ‘ஆர்டர் பை’ கட்டளையைப் போட்டால் அகரவரிசை தானாக வந்துவிடும் என்று நினைத்தவன் நான்.

தரவுத்தளம், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்களைப் பார்த்து அடுக்கியிருந்தது. அந்த வரிசையில் ந-வை ஒட்டியே ன இருக்கிறது, ர-வை ஒட்டி ற. ழ-வுக்கு முன்னால் ள. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாகப் போட்ட பழைய இஸ்கி அட்டவணையிலிருந்து வந்த ஏற்பாடு. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். அதனால் கடல், கடை, கட்டுரை என்று வந்தது. அகராதியில் கட்டுரைதான் முதலில்.

நான் பயன்படுத்திய தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், அந்தந்த மொழியின் முறைப்படி அடுக்கத் தெரிந்த ஐசியு நிரலகத்தின் வரிசைமுறையை 10-ஆம் பதிப்பிலிருந்தே தருகிறது. தலைப்பு நெடுவரிசையின் கொலேஷனை, அதாவது அடுக்கும் விதியை, தமிழுக்கான ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ என்று மாற்றினேன். ஒரே வரி. ‘அன்பு’ அகரத்தின் கடைசிக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் ‘கொடி’ இரண்டு தடவை தெரிந்தது. பார்வைக்கு ஒன்றேதான், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். பழைய கோப்பிலிருந்து வந்ததில் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. முன்பு அது ‘கெ’ வரிசையில் ஒளிந்திருந்ததால் கண்ணில் படவில்லை. எல்லாத் தலைப்பையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் ‘என்எஃப்சி’ என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றியதும் சரியானது.

இந்தத் தெம்பில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். பலர் ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருந்தார்கள். என்எஃப்சி இதைத் தொடாது. சரி என்று, ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ போடச் சொல்லிவிட்டேன். ‘ஒளி’ என்று தொடங்கிய தலைப்புகள் எல்லாம் ‘ஔ’வும் அதன் பக்கத்தில் புள்ளிவட்டத்தில் தொங்கும் கொக்கியுமாக நின்றன. நல்லவேளை, முந்தின இரவு எடுத்த நகல் இருந்தது.

இரண்டு எழுத்தாக அடித்திருந்த அந்த ‘ஔ’க்களை நூலகர் அம்மாவே ஒரு மதியம் உட்கார்ந்து கையால் திருத்தினார். “இதுக்கு அட்டையே தேவலை தம்பி” என்றார்.