பாதி லென்ஸை மூடினால் என்ன ஆகும்?

இயற்பியல் வகுப்புக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போன முதல் சில ஆண்டுகளில் நான் பாடம் நடத்தியதைவிட வித்தை காட்டியதுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. செம்புக் குழாய்க்குள் நியோடிமியம் காந்தத்தைப் போடுவேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விட்டால் 0.45 நொடியில் தரையில் விழுந்துவிடும் காந்தம், அதே நீளக் குழாய்க்குள் ஆடி அசைந்து சில நொடிகள் கழித்து வெளியே வரும். கைதட்டல் பறக்கும், "இன்னொரு தடவை சார்" என்பார்கள், நானும் பூரித்துப்போய் மறுபடி போடுவேன். நகரும் காந்தம் செம்பில் உண்டாக்கும் மின்னோட்டம் அந்த நகர்வையே எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியைத் தேர்வில் கேட்டபோது (1834-இல் இதைச் சொன்ன லென்ஸ் ஓர் ஆள், கண்ணாடி இல்லை, இதையே தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது) குழாயை அழகாக வரைந்து, 'செம்பு காந்தத்தை இழுத்துப் பிடிக்கிறது' என்று எழுதியிருந்தார்கள்.

அப்புறம் ஒரே ஒரு வழக்கத்தை மாற்றினேன். செய்து காட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதச் சொன்னேன், பேனாவில், அழிக்கக்கூடாது.

10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸ், அதற்கு 20 செ.மீ. முன்னால் மெழுகுவர்த்தி, பின்னால் அதே தூரத்தில் திரை. சுடர் அதே அளவில் தலைகீழாகத் தெரிகிறது. லென்ஸின் மேல்பாதியை அட்டையால் மூடினால்? ஏறக்குறைய எல்லோருமே பிம்பத்தில் பாதி போய்விடும் என்று எழுதினார்கள். தலைகீழ் பிம்பமாச்சே, போவது மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பதில்தான் சண்டை. மூடினேன். முழுச் சுடரும் அப்படியே இருந்தது, வெளிச்சம் மட்டும் மங்கியது. அட்டையை எடுத்து, மூடி, எடுத்து, ஒருத்தி நாலைந்து தடவை பார்த்தாள். "படத்துல மேல போற கதிரை நீங்கதானே சார் வரைஞ்சீங்க, அதை மறைச்சாச்சே?" என்றாள். சரிதான், இத்தனை வருடமாகக் கரும்பலகையில் 2 கதிர்களை மட்டும் வரைந்துவிட்டு, சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லென்ஸ் முழுக்க ஒளி விழுகிறது என்பதை நான் சொல்லவே இல்லை.

கணினித் திரையில் ஓடும் மாதிரிகளையும் பயன்படுத்துகிறேன், கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அங்கே எதுவும் பிசகாது, அதுதான் குறை. பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வைத்து, மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றுதான் என்று காட்டப் போனேன். எங்கள் பழைய மீட்டர்கள் 0.30 என்றும் 0.28 என்றும் காட்டின. "பல்பு கொஞ்சம் தின்னுடுச்சு சார்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரே உற்சாகம். முன்பென்றால் சமாளித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அன்று மீட்டர்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். இப்போது பல்புக்கு முன்னால் 0.28, பின்னால் 0.30.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசையிலிருந்து ஒருவன் திரும்பிக் கேட்டான்: "ஏன்டா, இப்ப பல்பு கரண்ட்டை வாந்தி எடுத்துடுச்சா?"