இருபத்தொரு நாள் கணக்கு

மே 18
மகனுக்குச் சிறுநீரோடு புரதம் கழியும் சிறுநீரக நோய். இன்று காலைச் சலம் தெளிவாக இருந்தது. பரிசோதனைக் குழாயின் மேற்பகுதியை மெழுகுதிரியில் காய்ச்சி வினாகிரி இரண்டு துளி விட்ட பின்னும், குழாய்க்குப் பின்னால் பிடித்த பேப்பரின் எழுத்துகள் கலங்காமல் தெரிந்தன. கொப்பியில் ‘நில்’ என்று எழுதினேன், ஆங்கிலத்தில் ‘இல்லை’, புரதம் இல்லை. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி பழக்கிய சொல். தமிழில் வாசித்தால் யாரோ அதட்டுவதுபோல இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் மகனோடு ஒரே பாயில் கிடந்து கார்ட்டூன் பார்த்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இன்று மேலெல்லாம் கொப்புளிப்பான் (சிக்கன்பொக்ஸ்) போட்டிருக்கிறது.

மே 19
கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் மட்டக்களப்புக்குக் கொண்டு ஓடினோம். பிள்ளைகள் சேர்ந்திருந்த நாளிலிருந்து எண்ணி, ஏழாம் நாள் தொடக்கம் ஏழு நாளைக்கு, கொப்புளிப்பானைத் தடுக்கத் தினமும் நான்கு வேளை அசிக்ளோவிர் கொடுக்க வேண்டும். இருபத்தொரு நாள் முடியும்வரை உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கொப்புளம் கண்டாலும் இரவென்று பாராமல் வர வேண்டும். நோய்க்குக் கொடுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீரொயிட் குளிசையான பிரெட்னிசலோனை நிறுத்திவிடட்டுமா என்று நான் கேட்டபோது டொக்டர் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். மாதக்கணக்காக வெளியிலிருந்து ஸ்டீரொயிட் கிடைத்த உடம்பு தன்னுடையதைச் சுரக்க மறந்திருக்கும் என்றும், திடீரென்று நிறுத்திய நேரத்தில் காய்ச்சலும் வந்தால் பிள்ளை மயங்கி விழக்கூடும் என்றும் சொன்னார். புதிய மருந்தை இந்த இருபத்தொரு நாளும் கழியாமல் தொடங்கமாட்டார்களாம்.

மே 20
மூன்றாம் நாள். நில்.

மே 23
இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பிட்டுக் கேட்டான். கொடுத்தேன். பிறகு கருவாடு கேட்டு அழுதான். உப்புக் கூடாதென்று சொல்லிச் சொல்லி நானும் அழுதேன். தைப்பொங்கலன்று கதவுநிலையில் போட்ட பென்சில் கோட்டோடு இன்று அவனை நிறுத்திப் பார்த்தேன். கோடு தலைக்குச் சரியாகவே நிற்கிறது. ஸ்டீரொயிட்டால் முகம்தான் வளர்ந்திருக்கிறது.

மே 26
சைக்ளோபொஸ்பமைட். அந்தப் புதிய மருந்தின் பெயர். சமைக்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். பன்னிரண்டு கிழமை, காலையில் கொடுத்து நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சலப்பையில் இரத்தம் கசியலாம்; வெள்ளணு குறைகிறதா என்று அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள்; தலைமயிர் கொட்டினாலும் திரும்ப முளைக்கும். இவையெல்லாம் எனக்குப் பெரிதில்லை. பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும் என்றும், அதனால்தான் மொத்த அளவு கிலோவுக்கு 168 மில்லிகிராமைத் தாண்டவிடமாட்டோம் என்றும் சொன்னார்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளை. இன்னும் செருப்பை இடம்வலம் மாறிப் போடுகிறான். அவனுக்குப் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நான் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஸ்டீரொயிட்டைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் நோய் திரும்புகிறது. பிள்ளையின் அப்பா “டொக்டர் சொல்வதைச் செய்வோம்” என்று சொல்லிவிட்டுக் கல்லடிக்கு வேலைக்குப் போய்விட்டார். சொல்வது சுலபம்.

மே 27
பத்தாம் நாள். இனி எந்த நாளும் வரலாம்.

மே 30
அம்மா வேப்பிலை கட்டினார். வைகாசிக் குளிர்த்திச் சடங்குக்குப் பிள்ளையைக் கண்ணகை அம்மனிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறார். சனக்கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாதென்று நான் மறித்தேன். “குளிசை குடுத்துக் குடுத்துத்தானே மகள், பிள்ளையின்ர சக்தி எல்லாம் போனது” என்றார். அதில் பொய்யில்லை என்பதால்தான் கோபம் வந்தது. ஆனால் நோய் திரும்பினால் சலத்தோடு கழியும் புரதத்தில் கிருமியை எதிர்க்கும் புரதமும் போய்விடும் என்பதை அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வேப்பிலையை அவிழ்க்கவில்லை.

ஜூன் 3
தடிமன். சலம் கலங்கியது, புரதம் ஒரு பிளஸ்.

ஜூன் 4
இரண்டு பிளஸ். வினாகிரி பழையதோ என்று புதுப் போத்தல் வாங்கி மறுபடி காய்ச்சினேன். இரண்டுதான்.

ஜூன் 5
எழுத்து தெரியவில்லை. மூன்று பிளஸ். இப்படி மூன்று நாள் தொடர்ந்தால் நோய் திரும்பிவிட்டதென்று கணக்கு; ஒன்றுவிட்ட நாள் நான்கு பிரெட்னிசலோன் குளிசையாக இருப்பது ஒவ்வொரு நாளும் பத்தாகும். மீண்டும் முதலிலிருந்து.

ஜூன் 6
இன்றும் மூன்று. கண்மடல் வீங்கியிருக்கிறது. நித்திரையில் இருக்கும்போது முதுகு, வயிறு, தலைமயிருக்குள் எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இடது தோளுக்குக் கீழே ஒரு சிவப்பு, நுளம்புக்கடியாக இருக்கலாம்.