முதல் சிம்பொனி ஸ்கோர்: வன்னியிலிருந்து எழுதுபவர்களுக்கு

வன்னியில் இசையமைப்பவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. கோயில் இறுவட்டுகள், குறும்படங்கள், தமிழ்த்தினப் போட்டிப் பாடல்கள், மன்னார்ப் பக்கம் பாஸ்கா நாடகம், முல்லைத்தீவில் கூத்துக்குப் பின்னணி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒரு கீபோட்டும் மடிக்கணினியும் இருந்தால் இவை எல்லாவற்றையும் செய்து முடிக்கலாம். 2025 மார்ச் 8இல் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறிய பிறகு, 'நாங்களும் எழுதலாமா' என்ற கேள்வியை இளையவர்கள் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். எழுதலாம். ஆனால் கீபோட்டில் 'ஸ்ட்ரிங்ஸ்' ஒலியைப் பாட்டுக்கு அடியில் விரிப்பதும் எழுபது பேர் வாசிக்க ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் சுரங்களையும் ஒன்றாகக் காட்டும் பிரதி, எழுதுவதும் வேறு வேறு தொழில்கள். அந்த இரண்டாவது தொழிலுக்கு நமக்குக் குறைவாக இருப்பது பாடநூலோ மென்பொருளோ அல்ல. நாம் எழுதிய பக்கத்தை ஒரு மனிதர் கருவியில் வாசித்துக் காட்டும் சந்தர்ப்பம்தான் குறைவு. எந்தப் பயிற்சியைத் தேடினாலும் அது அந்தச் சந்தர்ப்பத்தைத் தருமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இசைக்குறியீடு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசம். அதனுடன் வரும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளும் இலவசம். அந்த ஒலிகள் பல ஜிபி வரும் என்பதால் நல்ல இணைய இணைப்புள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால், கணினி எதற்கும் மறுப்புச் சொல்லாது. ஃபுளூட்டின் அடிச் சட்ஜமத்தை மூன்று ட்ரொம்போன்களோடு சேர்த்து எழுதினாலும் கேட்கும். மேடையில் அந்த ஃபுளூட் இருப்பதே தெரியாது. ஓபோ என்ற ஊதுகருவிக்கு மூச்சு விட இடமில்லாமல் இரண்டு பக்கம் எழுதினாலும் அது வாசிக்கும். வயலினில் அடித்தந்தியின் ஜி, அதற்கு அடுத்த ஏ இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் வாசிக்கும். உண்மையில் இரண்டு சுரமும் ஒரே தந்தியில்தான் இருக்கின்றன. ஒருவரால் ஒருசேர வாசிக்கவே முடியாது. கிளாரினெட்காரர் பி ஃபிளாட் கருவியை வைத்துவிட்டு ஏ கருவியை எடுக்கவும், டிம்பனிக்காரர் சுருதி மாற்றவும், பித்தளைக் கருவிகளில் மியூட் (ஒலியடக்கி) செருகவும் சில பார்கள் (தாளக் கட்டங்கள்) ஓய்வு வேண்டும். கணினிக்கு அது தேவையில்லாததால் நாமும் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

நம் பக்கத்து இசையமைப்பாளர்கள் அதிகம் இடறுவது கட்டையில் (சுருதியில்). கீபோட்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பழகிய கைக்கு எல்லாக் கட்டையும் ஒன்றுதான். பாடகருக்கு வசதியென்று நாலரைக் கட்டையில், அதாவது எஃப் ஷார்ப்பில், மேஜர் ஸ்கேலில் ஒரு மெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயலின்களுக்கு முன்னால் ஆறு ஷார்ப் நிற்கும். எஃப் ஹோர்ன் எழுதிய சுரத்துக்கு ஒரு பஞ்சமம் கீழே ஒலிக்கும், அதனால் மேலே எழுதப்படுகிறது; அதற்கு சி ஷார்ப், ஏழு ஷார்ப். ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும் பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஜி ஷார்ப் என்று எழுதவே முடியாது. ஏ ஃபிளாட்டாக்கி நான்கு ஃபிளாட் போட வேண்டும். அதே மெட்டை அரைக் கட்டை இறக்கி நாலு கட்டைக்குக் கொண்டுவாருங்கள். வயலினுக்கு ஒரு ஃபிளாட், கிளாரினெட்டுக்கு ஒரு ஷார்ப், ஹோர்னுக்கு ஒன்றுமில்லை. அரைச் சுரம் இறங்கியதைக் கேட்பவர் கவனிக்கமாட்டார். முதல் பார்வையில் வாசிக்கும் ஒரு குழுவுக்கோ அது ஒத்திகையில் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். தந்திக் கருவிகள் மட்டும் என்றால் இரண்டு கட்டையும் ஐந்து கட்டையும் இன்னும் நல்லது, சட்ஜமமும் பஞ்சமமும் விரல் வைக்காத திறந்த தந்தியிலேயே கிடைக்கும்.

அடுத்தது கமகம். தோடியின் காந்தாரத்தைப் பதினான்கு முதல் வயலின்களுக்கு எழுதி, மேலே ஓர் அலைக்கோடு போட்டுவிட்டால், பதினான்கு பேரும் பதினான்கு விதமாக அசைப்பார்கள். வருவது ராகமல்ல, கலங்கல். அந்த அசைவைத் தனி வயலினுக்கோ ஓபோவுக்கோ கொடுத்து, மற்றவர்களை நேரான சுரத்தில் நிறுத்துவதே பயன் தருகிறது. அந்தத் தனி வாசிப்பவருக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அட்சரத்துக்குள் என்பதைச் சுரமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். தாளம் அவ்வளவு கடினமில்லை. ஆதியை 4/4இல் இரண்டு பார்களாகவும், மிஸ்ர சாபுவை 7/8ஆக 3+2+2 என்று சுரங்களின் குச்சிகளைச் சேர்த்துக் கட்டியும், கண்ட சாபுவை 5/8ஆக 2+3 என்றும் எழுதினால் இசைக்குழு நடத்துநரின் கை தானாகப் போகும். 8/4 என்று ஒரே நீண்ட பாராக எழுத வேண்டாம். நாதஸ்வரம், தவில், உடுக்கு சேர்க்க ஆசை எல்லோருக்கும் வரும், வரவும் வேண்டும். நாதஸ்வரத்தின் சுருதி அந்தக் கருவியோடு பிறந்தது என்பதால், வாசிப்பவரின் கருவியை அளந்து பார்த்துவிட்டே முழு ஸ்கோரின் கட்டையைத் தீர்மானியுங்கள். தவில் திறந்த வீதிக்கான கருவி. மண்டபத்தில் தந்திகள் மெதுவாக வாசிக்கும் இடத்தில் அதை வைத்தால் தந்திகள் கேட்காது.

சரி, எங்கே பழகுவது? பக்கத்திலிருந்து தொடங்கலாம். பாடசாலை பாண்ட் குழுவில் ட்ரம்பெட் ஊதும் பிள்ளைக்கு எட்டு பார் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். எந்தச் சுரத்தில் உதடு தளர்கிறது, எத்தனை பாருக்கு ஒரு தடவை மூச்சு வேண்டும் என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான்கு குரலில் எழுதுவது, தந்திக் கருவிகளுக்குக் குரல் பிரிப்பதற்கு நேரான பயிற்சி. கர்நாடக வயலின் ஆசிரியர் அருகில் இருந்தால் அவரிடமும் போகலாம். ஆனால் அவர் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டுகிறார், மேற்கத்தைய வயலின் ஜி-டி-ஏ-ஈ. எந்த இரு சுரம் சேர்ந்து வரும், எது திறந்த தந்தி என்பதெல்லாம் மாறிவிடும். வில்லின் தன்மையைக் கேட்டறிய அவர் போதும், விரலிடலுக்குப் போதாது.

முழுக் குழுவைக் கேட்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீலங்கா சிம்பொனி இசைக்குழு 1958இலிருந்து இயங்கிவருகிறது. கச்சேரியைவிட ஒத்திகையே நமக்குப் பயன். ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஓரத்தில் இருக்க அனுமதி கேட்டு, கச்சேரிக்குச் சில வாரங்கள் முன்பே எழுதுங்கள். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரி மேற்கத்தைய இசையை முறையாகக் கற்பிக்கிறது. தமிழ்ச் சூழலிலேயே கற்க விரும்புபவருக்கு அது பொருந்தும்.

போக முடியாத மாதங்களில் ஐஎம்எஸ்எல்பி என்ற இணையத் தளத்தில் பழைய ஸ்கோர்கள் இலவசமாக உண்டு. ஒரு பயிற்சியை மட்டும் அழுத்திச் சொல்வோம். முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சிச் சித்திரங்கள்' படைப்பை ராவெல் 1922இல் இசைக்குழுவுக்கு மாற்றினார். பியானோப் பிரதியை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தை நீங்களே கருவி பிரித்து எழுதுங்கள். பிறகுதான் ராவெலின் ஸ்கோரைத் திறக்க வேண்டும். தொடக்க மெட்டைத் தனி ட்ரம்பெட்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலைப் பித்தளைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் கொடுத்திருப்பார். நீங்கள் எல்லோரையும் முதல் பாரிலேயே எழுப்பியிருப்பீர்கள். அந்த வித்தியாசத்தைக் காண அந்த ஒரு பக்கமே போதும்.

வெளிநாட்டு வாய்ப்புகளில் பரிசுப் போட்டி ஒரு வகை, வாசித்துக் காட்டும் அமர்வு இன்னொரு வகை. புதியவருக்கு அமர்வே மேல். லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் பனூஃப்னிக் திட்டம் ஆண்டுக்கு ஆறு பேரைத் தெரிந்து, மூன்று நிமிடப் படைப்பு எழுதவைத்து, குழுவே வாசித்துக் காட்டுகிறது. அது பிரித்தானியாவில் வசிப்பவர்களுக்கானது; அங்கே வளரும் நம் உறவினர் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். இங்கிருந்து விண்ணப்பிக்கக்கூடியதாக, டோக்கியோவில் நடக்கும் டகேமிட்சு போட்டி இருக்கிறது. நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, 35 வயது எல்லை உண்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே ஒரு இசையமைப்பாளர்தான் நடுவர். அந்த ஆண்டின் நடுவர் என்ன எழுதுகிறார் என்று கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவது புத்திசாலித்தனம். எந்த அழைப்பிலும் வயது, வதிவிடம், நுழைவுக் கட்டணம், கால அளவு, கருவி எண்ணிக்கை, முன்பு அரங்கேறியிருக்கலாமா என்பவற்றைப் பார்த்த பிறகே இசையைப் பற்றி யோசிக்க வேண்டும். கட்டணம் வாங்கிவிட்டு, வாசிக்கப்படும் என்று உறுதி தராத அழைப்புகளை விட்டுவிடலாம்.

இங்கே ஆவணமும் ஒரு வேலை. போரில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்து மறுபடி எடுத்தவர்கள் பலருக்கு, அதிலும் அடையாள அட்டையிலும் ஆங்கிலப் பெயர் இருவேறு எழுத்தில் இருக்கும். கடவுச்சீட்டை வவுனியாப் பிராந்திய அலுவலகத்திலேயே எடுக்கலாம். பெயரைச் சரிசெய்யத்தான் நாள் பிடிக்கும். தெரிவான பிறகு அதைத் தொடங்கினால் விசாவுக்கு நேரம் மிஞ்சாது.

நல்ல இசை வீணாவது பெரும்பாலும் பார்ட்டுகளால், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக எடுக்கும் தாள்களால். அமர்வில் ஒருவருக்கு இருபது முப்பது நிமிடந்தான் கிடைக்கும். இரண்டாம் ஹோர்ன்காரர் 'இது எழுதிய சுரமா, ஒலிக்கும் சுரமா' என்று கேட்டால் அதிலேயே மூன்று நிமிடம் போய்விடும். மியூஸ்ஸ்கோரில், எல்லாக் கருவியையும் ஒலிக்கும் சுரத்திலேயே காட்டும் கொன்சேர்ட் பிச் பொத்தான் அழுத்தியபடியே பார்ட்டுகளை எடுத்துவிட்டால் கிளாரினெட் ஒரு முழுச் சுரமும் ஹோர்ன் ஒரு பஞ்சமமும் கீழே ஒலிக்கும். ஒவ்வொரு பார்ட்டையும் திறந்து பாருங்கள். ஐந்து கோடுகளின் உயரம் 7.5 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும், 7க்குக் கீழே போனால் வாசிக்க மாட்டார்கள். போட்டோக் கொப்பிக் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருக்கும் தெரிவை எடுத்துவிடச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் சுருக்குவது அதுதான். அச்செடுத்த பிறகு ஓர் அடிமட்டத்தால் அளந்தும் பாருங்கள். தாள் 100 ஜிஎஸ்எம் வேண்டும், மெல்லிய தாள் மின்விசிறிக் காற்றில் பறக்கும், பின்பக்கச் சுரமும் தெரியும். பக்கம் புரட்டும் இடத்தில் ஓய்வு இருக்க வேண்டும். தந்திப் பிரிவில் இருவருக்கு ஒரு தாங்கி. புரட்டும் நேரத்தில் ஒருவர் நிறுத்துவதால் பிரிவின் ஒலி பாதியாகும். ஒவ்வொரு வரி தொடக்கத்திலும் பார் எண், இருபது பாருக்கு மேல் ஓய்வென்றால் நுழைவுக்கு முன்னால் பக்கத்துக் கருவியின் மெட்டு சிறிய எழுத்தில், நடத்துநருக்கு ஏ3 அளவில் ஸ்கோர்.

அமர்வன்று ஸ்கோரும் பென்சிலும் கையில் இருக்கட்டும். நடத்துநர் கேட்டால் ஒழிய நிறுத்தச் சொல்லாதீர்கள். குழு வாசித்து முடித்ததும் இடைவேளையில் வாசித்தவர்களிடம் போய், எந்த பார் கையில் வரவில்லை என்று கேளுங்கள். இரண்டாம் ஓபோவும் வியோலாவும் சொல்வது எந்த நூலிலும் கிடைக்காது. திருத்தங்களை அந்த வாரமே ஸ்கோரில் ஏற்றிவிட வேண்டும். அமர்வின் ஒலிப்பதிவைப் பொதுவில் வெளியிடப் பல குழுக்கள் அனுமதிப்பதில்லை. அடுத்த விண்ணப்பத்தோடு இணைக்கலாமா என்பதைப் புறப்படுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.