தொங்கவிட்ட ஐசி கால் 0 அல்ல: ஒரே ஐசியில் மாடித் தொட்டி மோட்டார்

லாஜிக் கேட் (வோல்ட் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்று பார்த்து முடிவு சொல்லும் சர்க்யூட்) படித்தவர்களுக்கு, எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் என்ற உண்மை அட்டவணை மனப்பாடமாக இருக்கும். ஆண்ட் என்றால் இரண்டு இன்புட்டும் 1 ஆக வேண்டும், ஆர் என்றால் ஒன்று போதும். ஆனால் கேட்கள் அடங்கிய ஐசியை பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகும் பலகையில்) குத்திவிட்டு, ஒரு பின்னை, அதாவது காலை, எதிலும் சேர்க்காமல் விட்டு, "இது 0 தானே, அப்புறம் ஏன் எல்இடி மினுக்குது?" என்று கேட்பவர்களும் அவர்கள்தான். ஒன்றும் கொடுக்காமல் விடுவதற்கு 0 என்று பேர் இல்லை. மாடித் தொட்டி காலியானால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் நிறுத்தும் சர்க்யூட்டைக் கட்டும் முன் இது புரிய வேண்டும்.

நம் பக்கத்தில் இதை மடையை வைத்துச் சொல்வது வழக்கம். வாய்க்கால் தலைப்பில் மதகும் திறந்திருக்கணும், வயல் மடையும் திறந்திருக்கணும்: ஆண்ட். வாய்க்கால் தண்ணீரோ போர் தண்ணீரோ, எது வந்தாலும் வயல் நனையும்: ஆர். உள்ளே 0 என்றால் வெளியே 1 தரும் நாட் வந்ததும் இந்த உவமை படுத்துவிடும். உள்ளே தண்ணீர் இல்லாதபோது வெளியே எப்படித் தண்ணீர் வரும்? வரும். ஏனென்றால் கேட்டில் உள்ளே போவதே வெளியே வருவதில்லை. இன்புட் என்பது ஷட்டரைத் திருகும் கை மட்டும். தண்ணீர், 14-ஆம் பின்னில் நாம் கொடுக்கும் சப்ளை. ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் பின்னால் இரண்டு ஷட்டர்கள்: ஒன்று சப்ளைக்கு, இன்னொன்று கிரவுண்டுக்கு. எதைத் திறப்பது என்பதை இன்புட் சொல்கிறது.

சிமாஸ் வகை ஐசியில் (கீழே வரும் 4093 அந்த வகை) அந்தக் கை கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. அதனால் சும்மா விட்ட கால், விரல் பட்டாலும் பக்கத்தில் 230 வோல்ட் ஒயர் போனாலும் ஆடும். நடுவில் நின்றால் இரண்டு ஷட்டரும் அரைகுறையாகத் திறந்து ஐசி சூடாகும். டிடிஎல் என்ற பழைய வகை ஐசிகளில் சும்மா விட்ட கால் பெரும்பாலும் 1 போல நடந்துகொள்ளும். அங்கே பழகியவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டுகிறார்கள்.

இனி வேலை. ஐசி 4093: நான்கு நாண்ட் கேட், 14 கால். 7 கிரவுண்ட், 14-இல் 12 வோல்ட். இரண்டு இன்புட்டும் 1 ஆனால் மட்டும் நாண்ட் 0 தரும். 4011-உம் அதே கால் வரிசைதான், ஆனாலும் 4093 வாங்குங்கள். இன்புட் ஏறும்போது சுமார் 7 வோல்ட்டிலும் இறங்கும்போது சுமார் 5 வோல்ட்டிலும் அது மனசு மாறும். தண்ணீர் மாதிரி நிதானமாக மாறும் சிக்னலுக்கு இந்த இடைவெளி தேவை. கடையில் "நாண்ட் ஐசி" என்று மட்டும் கேட்டால் 7400 கொடுத்துவிடலாம். அது 5 வோல்ட் சாமான், 12-இல் போய்விடும். நடு இரண்டு கேட்டின் கால்களும் வேறு.

தொட்டியில் மூன்று ஸ்டீல் கம்பி. அடியில் பொதுக் கம்பி, கிரவுண்டுக்கு. கீழ் மட்டக் கம்பி, மேல் மட்டக் கம்பி இரண்டையும் தலைக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் மூலம் 12 வோல்ட்டுக்கு இழுங்கள். காய்ந்தால் 1, நனைந்தால் 0. இந்த ரெசிஸ்டர்தான் பின் தொங்காமல் பார்த்துக்கொள்கிறது. நீள ஒயர் என்பதால் கம்பிக்கும் ஐசிக்கும் நடுவில் ஒரு 10 கிலோ ஓம்.

இனி வரும் எண்கள் ஐசியின் கால்கள். கீழ்க் கம்பி 1, 2 இரண்டுக்கும். 3-இலிருந்து 5-க்கு. 10-இலிருந்து 6-க்கு. 4-இலிருந்து 9-க்கும் 12-க்கும். மேல் கம்பி 8-க்கும் 13-க்கும். 11-இலிருந்து 10 கிலோ ஓம் வழியாக பிசி557 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் 12 வோல்ட்டில், கலெக்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 12 வோல்ட் ரிலே காயில். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை கலெக்டர் பக்கம். அதைத் திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் போகும். 7-க்கும் 14-க்கும் ஒட்டி ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். ரிலேயில் மோட்டாரை நேரடியாகக் கட்டாதீர்கள், கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ரிலே) காயிலை மட்டும் கட்டுங்கள். ஸ்டார்ட்டிங் கரண்டில் சின்ன ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

நடு இரண்டு கேட்டும் (அவுட்புட் 4, 10) ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதுதான் லாட்ச், அதாவது நினைவு. தொட்டி காலியானால் 4-ஆம் பின் 1 ஆகும், 11-ஆம் பின் 0 ஆகி மோட்டார் ஓடும். தண்ணீர் கீழ்க் கம்பியைத் தாண்டினாலும் 1 ஆகவே நிற்கும், மேல் கம்பி நனைந்தால்தான் 0. ஒரே கம்பி வைத்தால் அலை அடிக்கும்போதெல்லாம் மோட்டார் துடிக்கும்.

கடைசி கேட் எதற்கு? 4-ஆம் பின்னை, 1-இல் ஓடும் வகை டிரான்சிஸ்டருக்கு நேராகக் கொடுத்தாலே ஓடுமே என்று தோன்றும். கீழ்க் கம்பி ஒயர் அறுந்தால் ஐசிக்கு அது "காலி" என்றே தெரியும். அப்போது மேல் கம்பி நனைந்தாலும் 4-ஆம் பின் 1-ஐ விடாது, தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். 13-ஐ மேல் கம்பியில் கட்டியதால், அறுந்தாலும் மேல் மட்டத்தில் மோட்டார் நின்றுவிடும்.

கரண்ட் போய் வரும்போது தண்ணீர் நடுவில் இருந்தால் லாட்ச் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. 8-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால், கரண்ட் வந்ததும் சுமார் 0.1 விநாடிக்கு "நிறைந்தது" என்று பாவனை காட்டி மோட்டாரை நிறுத்தியே தொடங்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர். அங்கே வரும் புகார் வேறு: தொட்டி காலி, மோட்டார் எடுக்கவில்லை. மூடியில் கம்பிகளுக்கு இடையே படிந்த ஈர உப்புதான் காரணம். அந்தப் படலம் 300 கிலோ ஓம் என்று வையுங்கள்: 1 மெகா ஓமோடு சேர்ந்து பின்னில் 2.8 வோல்ட், ஐசிக்கு அது 0. இழுக்கும் ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் ஆக்கினால் 9 வோல்ட், 1. 8-ஆம் பின்னின் கெப்பாசிட்டரை அப்போது 1 மைக்ரோ ஃபாரட் ஆக்குங்கள், இல்லையென்றால் அந்த 0.1 விநாடி கிடைக்காது. நுனியில் 2 சென்டிமீட்டர் விட்டு, மீதிக் கம்பிக்கு பிளாஸ்டிக் குழாய் மாட்டுங்கள். மேல், கீழ் கம்பிகள் பாசிட்டிவ் பக்கம் என்பதால் அவைதான் அரிக்கும். செம்பு ஒயரை உரித்து விடுவது சிக்கனமில்லை.

மேல் கம்பியோ பொதுக் கம்பியோ அறுந்தால் மட்டும் இந்த நான்கு கேட்டும் காப்பாற்றாது. அதற்கு கான்டாக்டர் காயிலோடு தொடராக, மேல் கம்பிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீரில் மிதந்து உயர்ந்ததும் கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) போடுங்கள்.

மாடி ஏறும் முன் வாளியில் பாருங்கள். வாளி காலி: 4-ஆம் பின் 12, 11-ஆம் பின் 0. கீழ்க் கம்பி நனைந்ததும் ஒன்றும் மாறக் கூடாது. மேல் கம்பி நனைந்ததும் இரண்டும் இடம் மாறும். மீட்டரை கம்பியில் வைத்து அளக்காதீர்கள். சாதா மல்டிமீட்டரே 1 மெகா ஓம் ஆக இருக்கலாம், 12 வோல்ட் இருக்கும் இடத்தில் 6 காட்டும்.