இன்செர்ட் தகராறு: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3

ஷிப்ட் பட்டியலைத் திருத்திச் சேமித்தால் சிலருக்கு மட்டும் பிழை வருகிறது. எல்லோருக்கும் வந்தால் நிம்மதியாகத் தேடலாம். சிலருக்கு மட்டும் வருவதுதான் உயிரை வாங்கும். எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் தரும் பிழை எண் 23505. ஊழியர், தேதி, ஷிப்ட் மூன்றும் சேர்ந்து இருமுறை வரக் கூடாது என்ற யூனிக் விதி மீறப்பட்டிருக்கிறது. பிழை சுட்டும் கோடு வரியில் புதியதைச் சேர்க்கும் இன்செர்ட்டே இல்லை, மாற்றங்களை உறுதி செய்யும் கமிட்தான் இருக்கிறது. அதில் வியப்பில்லை. எங்கள் கோடுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் நிற்கும் ஜாவா நூலகம் ஹைபர்நேட். சேமிக்கச் சொன்னதும் அது பொதுவாக எழுதிவிடாது; குறித்து வைத்துக்கொண்டு, கமிட்டை ஒட்டி நடக்கும் ஃப்ளஷ் நேரத்தில் மொத்தமாக அனுப்பும்.

மார்ச் 4

தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளைகளைக் காட்டும் எஸ்கியூஎல் லாகை, கூடுதல் விவரம் தரும் டீபக் நிலைக்கு மாற்றினேன். மதிப்புகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். அந்த மதிப்புகளைக் காட்டும் பைண்ட் லாகையும் இன்னும் விரிவான டிரேஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே விஷயம் தெரிந்தது.

கோடில் முதலில் அந்த வாரத்தின் பழைய வரிசைகளை (அட்டவணைப் பதிவுகளை) நீக்குகிறார்கள், அடுத்து புதியவற்றைச் சேர்க்கிறார்கள். படித்தால் குறை சொல்ல முடியாது. லாகிலோ படிக்கும் கட்டளையான செலக்ட், அதன் பிறகு இன்செர்ட், உடனே பிழை. நீக்கும் டிலீட் வரியே இல்லை! ஃப்ளஷ் செய்யும்போது எது முன், எது பின் என்று நாம் எழுதியதை ஹைபர்நேட் பார்ப்பதில்லை. முதலில் இன்செர்ட்டுகள், பிறகு இருப்பதை மாற்றும் அப்டேட்டுகள், கடைசியாகத்தான் டிலீட்டுகள். பழைய வரிசை இன்னும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் புதியது போய் மோதுகிறது. வாரம் முழுவதையும் மாற்றியவர்களுக்கு மோதல் இல்லை. ஒரு ஷிப்டையாவது பழையபடி விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

மார்ச் 5

நீக்கியதும் ஒரு ஃப்ளஷ் போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் உடன் வேலை செய்பவர். தீரும்தான். ஆனால் மாறாத வரிசையை அழித்து அதையே மறுபடி எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. தணிக்கைப் பதிவில் வீண் குப்பை சேரும். யூனிக் சோதனையைக் கமிட் வரை தள்ளிப்போட போஸ்ட்கிரெஸில் வழி உண்டு. ஆனால் அப்படி வைத்த விதியை, மோதினால் என்ன செய்வது என்று இன்செர்ட்டிலேயே சொல்லும் ஆன் கான்ஃப்ளிக்ட் ஏற்காது, நாங்கள் அதை வேறோர் இடத்தில் பயன்படுத்துகிறோம். எனவே பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, போனதை மட்டும் நீக்கி, வந்ததை மட்டும் சேர்க்கும்படி எழுதினோம்.

மார்ச் 6

வருகைப்பதிவு இறக்குமதியில் வேறு தலைவலி. ஒரு வரி தவறானால் பிழையைப் பிடித்து அடுத்த வரிக்குப் போகிறது கோடு. அடுத்த வரியும் விழுகிறது, அதற்கடுத்ததும். எல்லாவற்றுக்கும் பிழை எண் 25P02. டிரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே நிறைவேற வேண்டிய கட்டளைத் தொகுப்புக்குள்) ஒரு கட்டளை தோற்றால், செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக் வரை போஸ்ட்கிரெஸ் வேறெதையும் கேட்காது. பிழை கண்ட ஹைபர்நேட் செஷனையும் (தரவுத்தளத்துடன் அது நடத்தும் ஒரு வேலைத் தொடரையும்) தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. வரிகளை முன்கூட்டியே சரிபார்த்துக் கெட்டதைத் தனியே ஒதுக்குகிறோம்.

மார்ச் 10

இறக்குமதி நத்தை வேகம். பேட்ச் அளவு, அதாவது ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் எண்ணிக்கை, 50 என்று அமைப்பில் இருந்தும் இன்செர்ட்டுகள் ஒவ்வொன்றாகவே போகின்றன. வருகைப்பதிவு அட்டவணையின் ஐடி, வரிசையை எழுதும்போது தரவுத்தளமே எண் தரும் ஐடென்டிட்டி வகை. எண்ணைத் தரவுத்தளம் சொன்னால்தான் ஹைபர்நேட்டுக்குத் தெரியும். அதனால் சேமிக்கும்போதே எழுதிவிடுகிறது, பேட்ச் கூடாமல் போகிறது. எச்சரிக்கை எதுவும் தராமல் அமைப்பை ஓரங்கட்டுவதுதான் எரிச்சல்.

மார்ச் 11

ஐடியை, எழுதும் முன்பே எண் வாங்கிக்கொள்ள உதவும் சீக்வென்ஸுக்கு மாற்றினோம். செயலி கிளம்பவே மறுத்தது: ஹைபர்நேட் இயல்பாக ஐம்பது ஐம்பதாக எண் ஒதுக்கும், எங்கள் சீக்வென்ஸோ ஒவ்வொன்றாக ஏறுவது. மறுத்தது நல்லதே. விட்டிருந்தால், கிடைத்த எண்ணை ஐம்பதின் உச்சியாகக் கொண்டு, ஏற்கெனவே இருக்கும் ஐடிகளின் மேல் எழுதப் பார்த்திருக்கும். சீக்வென்ஸின் படியை 50 ஆக்கி, அட்டவணையின் மிகப் பெரிய ஐடிக்கு மேலே நகர்த்தினோம். ஜாவா தரவுத்தளத்தோடு பேசும் ஜேடிபிசி இணைப்பில் பேட்ச் இன்செர்ட்டுகளைப் பல மதிப்புகள் கொண்ட ஒரே கட்டளையாக்கும் விருப்பத்தையும் இயக்கினோம். இப்போது ஓட்டம் நன்றாக இருக்கிறது.

செயலியை மறுபடி தொடங்கும்போதெல்லாம் ஐடியில் இடைவெளி விழுகிறது. காணாமல் போன எண்கள் எங்கே என்று கேட்டு ஒரு புகார் டிக்கெட் வந்திருக்கிறது. பதில் நாளைக்கு.