ஒரே ஒரு ஜி, இரண்டு விதக் கிறுக்கு: பைக்கும் ஸ்போர்ட்ஸ் காரும்

பைக்கா காரா, எதில் கிக் அதிகம் என்ற சண்டை எப்போதும் குதிரைத்திறனில் தொடங்கும், உச்ச வேகத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுபவரின் எடையை. 200 கிலோ சூப்பர்பைக்கில், ஹெல்மெட், லெதர் சூட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து 80 கிலோ உள்ள ஒருவர் ஏறினால், மொத்த எடையில் அவர் பங்கு ஏறக்குறைய 29 சதவீதம். அதே ஆள் 1,435 கிலோ எடையுள்ள போர்ஷே 911 ஜிடி3-இல் உட்கார்ந்தால் 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். காரில் நீங்கள் ஓட்டுநர். பைக்கில் நீங்களே சேஸியின் ஒரு பாகம். இடுப்பை இரண்டு அங்குலம் நகர்த்தினாலே வண்டியின் குணம் மாறும். மற்ற எல்லா வித்தியாசமும் இங்கேயிருந்துதான் கிளைக்கிறது.

நேர்கோட்டு வேகத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 200 குதிரைத்திறன் சூப்பர்பைக்கில் ஆளோடு சேர்த்து டன்னுக்கு 700 குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. 510 குதிரைத்திறன் ஜிடி3-இல் அது 340-ஐ ஒட்டித்தான். பாதிகூட இல்லை. ஆனால் 0–100 ஓட்டத்தில் பைக் காரை நசுக்கிவிடுவதில்லை. காரணம் இன்ஜினும் இல்லை, டயரும் இல்லை, வண்டியின் உருவம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் 1.4 மீட்டர்தான். ஆளோடு சேர்த்து எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய அதில் பாதி உயரத்தில் இருக்கிறது. ஆகவே முடுக்கம் 1 ஜி-யை, அதாவது புவியீர்ப்பின் அளவை, நெருங்கும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் வீலி அடிக்கத்தான் உதவும். 1 ஜி-யில் 100-ஐத் தொட 2.8 விநாடி ஆகும். நடைமுறையில் 3 விநாடி. 2020-இல் வந்த 911 டர்போ எஸ், நான்கு சக்கரமும் சேர்ந்து தள்ள, 2.7 விநாடியில் முடித்துவிடுகிறது. பைக்கின் ஆட்டம் தொடங்குவதே 100-க்குப் பிறகுதான். 1,000 சிசி வண்டி முதல் கியரிலேயே 150-ஐத் தொட்டுவிடும். முன்சக்கரம் இறங்கியதும் அடக்கி வைத்திருந்த குதிரையெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். அந்த இடத்தில் விலை உயர்ந்த கார்கள்கூடப் பின்கண்ணாடியில் சின்னதாகிவிடும்.

இனி திருப்பம். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், விஷயமே இங்கேதான் இருக்கிறது.

28 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு விசை 1 ஜி. நல்ல டயர் போட்ட காருக்கும் இது முடியும், பைக்குக்கும் முடியும். பௌதிகம் ஒன்றுதான், ஆனால் உடம்பில் இறங்கும் விதம் வேறு. காரில் அந்த 1 ஜி உங்களைப் பக்கவாட்டில் தள்ளும். தோள் சீட்டின் ஓரத்தில் அழுந்தும், கழுத்து இழுக்கும், இடது கால் எதையாவது முட்டுக்கொடுக்கத் தேடும். பைக் அதே வளைவில் 45 டிகிரி சாய்ந்திருக்கும். சாய்ந்திருப்பதால் புவியீர்ப்பும் திருப்ப விசையும் ஒன்றாகக் கூடி, வண்டியின் நடுக்கோட்டு வழியே, அதாவது உங்கள் முதுகெலும்பு வழியே, கீழே இறங்கும். அதன் அளவு 1.41 ஜி. பக்கவாட்டில் எதுவும் தள்ளாது. உடம்பு நாற்பது சதவீதம் கனத்தது போலச் சீட்டில் அமுங்கும், அடிவானம் மட்டும் சாய்ந்து நிற்கும். ஊஞ்சலின் அடிப்புள்ளியில் வயிற்றில் தோன்றும் அந்த உணர்வு தெரியுமே, அதேதான், திருப்பம் முடியும் வரை நீடிக்கும். பைக் போதை என்று சொல்வதில் பாதி இதுதான் என்பது என் கட்சி.

ஒரு சின்னத் திருத்தம். 45 டிகிரி என்பது காகிதக் கணக்கு. பின்டயர் 190 மில்லிமீட்டர் அகலம் என்பதால், சாயச் சாயத் தரையைத் தொடும் இடம் உள்பக்கம் நகர்ந்துவிடும். அதனால் அதே வேகத்துக்கு வண்டி இன்னும் சில டிகிரி கூடுதலாகச் சாய வேண்டும். உடம்பை உள்பக்கம் தொங்கவிடுவது இதை ஈடுகட்டத்தான். எடை மையம் உள்ளே போகும், வண்டி கொஞ்சம் நிமிரும், டயரின் விளிம்பில் மிச்சம் கிடைக்கும். முட்டி தரையில் உரசுவது படத்துக்கு அழகு. உண்மையான பலன் அந்த மிச்சம்தான்.

காரின் திருப்பத்தில் இருக்கும் சுகம் வேறு ஜாதி. அங்கே எடை நான்கு மூலைக்கும் இடம் மாறுவதை ஸ்டீயரிங்கும் சீட்டும் சொல்லிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தபடி வளைவுக்குள் நுழைந்து, பெடலை மெல்ல மெல்ல விட்டால் முன்டயர் தரையைக் கவ்வி மூக்கு உள்ளே திரும்பும். சட்டென்று விட்டால் மூக்கு வெளியே ஓடும். எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்னால் இருக்கும் 911-இல், நடுவளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தால் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். பெடல் விடும் வேகத்தை வைத்தே காரின் மூக்கைத் திருப்பக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஸ்டீயரிங் இரண்டாம் பட்சமாகிவிடும்.

பிரேக்கில் கார் ஜெயிக்கும். வாதமே வேண்டாம். முன்சக்கரம் தூக்கும் அதே காரணத்தால் பைக்கில் பிரேக் அடிக்கும்போது பின்சக்கரம் தூக்கும்; வரம்பு இங்கேயும் 1 ஜி பக்கம். 100-லிருந்து நிற்க 39 மீட்டர். ஒட்டும் டயர் போட்ட கார் 1.2 ஜி-யில் 33 மீட்டரில் நின்றுவிடும். ஸ்பெயினின் கேட்டலூன்யா டிராக்கில் ஃபார்முலா 1 கார் 1 நிமிடம் 12 விநாடியை ஒட்டி ஒரு சுற்று முடிக்கும். மோட்டோஜிபி பைக்குக்கு 1 நிமிடம் 38 விநாடி. நேர்கோட்டில் பைக் சளைத்தது இல்லை; 2023-இல் இத்தாலியின் முஜெல்லோ டிராக்கில் மோட்டோஜிபி வீரர் பிராட் பைண்டரின் கேடிஎம் 366.1 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த 26 விநாடியும் பிரேக் புள்ளியிலும் வளைவிலும்தான் பறிபோகிறது. இறக்கை அழுத்தமும் அகல டயரும் செய்யும் வேலை.

ஆனால் பிரேக் அடிக்கும் கலை பைக்கில்தான் நுணுக்கம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அவசரத்துக்குப் பெடலை ஓங்கி மிதிப்பது சரி. பைக்கில் முன் லீவரை வெடுக்கென்று இழுத்தால், எடை முன்னால் வருவதற்குள் டயர் பூட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழம் பிழிவது போலத்தான். முதலில் லேசாக அழுத்த வேண்டும்; முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் இறங்கும், முன்டயர் தட்டையாகிப் பரவும். ஏறக்குறைய அரை விநாடி கழித்து, அந்தப் பரவிய ரப்பரின் மேல் முழு பலத்தையும் கொடுக்க வேண்டும். விடும்போதும் அதே நிதானம். லீவரை டப்பென்று விட்டால் ஃபோர்க் எகிறி, வளைவின் வாசலிலேயே முன்டயர் இளைத்துப்போகும்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இரண்டு வண்டிக்கும் நடுவே உள்ள கோடு. காரில் பின்பக்கம் வழுக்கினால் ஆட்டம் அங்கேதான் ஆரம்பம். பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், ஸ்டீயரிங்கை வழுக்கும் பக்கமே திருப்புங்கள், ஆக்சிலரேட்டரை முழுசாக விடாமல் பாதியில் பிடியுங்கள், கார் திரும்பி வரும். வரும்போது ஸ்டீயரிங்கை நேரத்தோடு நேராக்காவிட்டால்தான் எதிர்ப்பக்கம் சவுக்கடி போல வீசும். முதல் வழுக்கலில் தப்பி இரண்டாவதில் சுவரைத் தொடுபவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் இந்தத் தாமதம்தான். பைக்கில் பின்டயர் வழுக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரை மூடினால் டயர் திடீரென்று தரையைப் பிடிக்கும். பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரே உதறலில் நிமிர்ந்து, ஆளைக் கவண்கல் போல மேலே எறியும். இதுதான் ஹைசைடு. டயர் பிடிக்காமல் முழுசாக வழுக்கி விழும் லோசைடு இதற்கு எவ்வளவோ மேல். தோல் உடையைத் தேய்த்துக்கொண்டு சறுக்கிப் போவீர்கள், அவ்வளவே. ஆக, கார்க்காரர் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்த் திரும்பி வருவதில் சந்தோஷப்படுகிறார். பைக்காரரின் சந்தோஷம் முழுவதும் எல்லைக்கு இந்தப்பக்கம், கடைசி ஓரிரு டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. மின்னணு உதவி இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. சாய்ந்திருக்கும் கோணத்தை அளந்து பிரேக்கை அடக்கும் ஏபிஎஸ், 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வெஞ்சரில் வந்தது. இப்போது பெரிய வண்டிகளில் சகஜம். ஆனாலும் குளிர்ந்த டயருக்கு எந்தக் கணினியும் மருந்து போட முடியாது.

குளிர்ந்த டயர் என்றதும் ஜெர்மனியின் சாக்சென்ரிங் டிராக் நினைவுக்கு வரும். 13 திருப்பத்தில் 10 இடப்பக்கம். டயரின் வலத்தோள், அதாவது வலப்பக்க விளிம்பு, வெகுநேரம் சும்மா கிடந்து ஆறிவிடும். பிறகு வரும் 11-ஆம் திருப்பம் வலப்பக்கம், அதுவும் வேகமானது. உலகச் சாம்பியன்களே அங்கே விழுந்திருக்கிறார்கள். ‘டயர் சூடாகிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தத் தோள் என்று கேளுங்கள்.

வண்டியைத் தயார் செய்வதில் பைக்குக்கு முதல் வேலை சேக் அளப்பது, அதாவது ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் விலை உயர்ந்த டயர் வாங்குபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பின்சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு நிலையான புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு உடையோடு ஏறி, ஓட்டும் நிலையில் உட்காருங்கள். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசம் டிராக்குக்கு 30–35 மில்லிமீட்டர், சாலைக்கு இன்னும் ஐந்து கூடலாம். முன்னால் ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி இதே போல் பாருங்கள். பின்னால் அதிகம் இறங்கினால் மூக்கு தூக்கிக்கொண்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் வண்டி வளைவுக்கு வெளியே ஓடும். ஸ்பிரிங்கின் முன்னழுத்தமான பிரீலோடை ஒரு சுற்று இறுக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். செயினைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிகவும் இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே தொய்வு பார்க்க வேண்டும். அளவு கையேட்டில் இருக்கும். தொய்வான இடத்தில் பார்த்துச் சரிசெய்தால் இறுக்கமான இடத்தில் கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும்.

காருக்குப் பகை சூடு. ஒன்றரை டன்னை மறுபடி மறுபடி நிறுத்தும்போது பிரேக் ஆயில் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பின் 155. ஆகவே டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் ஆற ஓட்டி வர வேண்டும், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்கக்கூடாது. கொதிக்கும் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். நாலு சுற்றில் டயர் காற்று 6 முதல் 8 பி.எஸ்.ஐ வரை ஏறும். சூடாக அளந்து இறக்குங்கள். முன்டயரின் வெளித்தோள் மட்டும் பிய்ந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் உள்சாய்வு, போதவில்லை என்று அர்த்தம்.

சின்ன வண்டிகளை மறந்துவிடக்கூடாது. 300 சிசி பைக்கிலோ, ஒரு டன்னை ஒட்டிய மஸ்டா எம்எக்ஸ்-5-இலோ கிடைக்கும் குஷி, பெரிய வண்டிகளில் ஆபத்தான வேகம் வரும் வரை கிடைப்பதில்லை. ஜிடி3 80 கிலோமீட்டரில் கொட்டாவி விடும். காரில் பைக்குக்கு மிக அருகில் வருவது கேட்டர்ஹாம் செவன்தான்: 1957-இன் லோட்டஸ் செவன் வம்சம், ஏறக்குறைய 500 கிலோ, கதவு பெயருக்குத்தான்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எளிதில்லை. 500 சிசி பைக், ஃபார்முலா 1 இரண்டிலும் உலகப் பட்டம் வென்றவர் இன்றுவரை ஜான் சர்டீஸ் ஒருவர்தான். பைக்கில் 1956, 58, 59, 60, ஃபெராரியில் 1964. பைக்கிலிருந்து காருக்கு வருபவர்களுக்குக் கை மென்மையாக இருக்கும், பிரேக்கை மட்டும் சீக்கிரமே மிதித்துவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து மீட்டர் தள்ளி மிதித்துப் பழகினால் போதும். காரிலிருந்து பைக்குக்கு வருபவர்களின் சிக்கல் கைதான். வலப்பக்கம் போக ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பப் பார்ப்பார்கள். காலியான மைதானத்தில் இரண்டாம் கியரில் 40 கிலோமீட்டரில் நேராகப் போகும்போது, முட்டியால் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு, வலக்கைப் பிடியை உள்ளங்கையால் மெல்ல முன்னால் தள்ளச் சொல்லுங்கள். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும். தள்ளுவதை நிறுத்தியதும் தானாகவே நிமிரும்.